தெருவை எழுதிய ஓவியர் கமீல் பிசாரோ

ஓவியம் பயில்வோர் பத்துப் பன்னிருவர் ஒன்றுகூடி, விடியற்காலையிலே புறப்பட்டு, நகரத்தின் நாற்சந்தியிலோ புகையிரத நிலையத்திலோ துறைமுகத்திலோ சிறுமுக்காலி இட்டமர்ந்து, கண்ணெதிரே நிற்பதைக் கண்டவாறே கீறும் வழக்கம் இன்று உலகின் பல நகரங்களிற் பரவியிருக்கின்றது. பழைய நீராவி எஞ்சின், ஓட்டம் ஓய்ந்த டிராம் வண்டி, சாரட்டு என்பன அவர்கள் விரும்பித் தேடுவன. வெயிலும் தூசியும் வேடிக்கை பார்ப்போர் கேலியும் அவர்களுக்குப் பொருட்டல்ல. இவ்வழக்கத்தைத் தொடக்கி வைத்தவர் இன்னார் என ஒருவரைச் சுட்டுதல் இயலாது. எனினும், கூடியிருந்து எழுதுதலையும், வெளியிற் சென்று எழுதுதலையும், நகரத்தையும் அதன் வண்டிகளையும் எழுதுதலையும் தம் வாழ்வாகவே கொண்ட ஒருவரைச் சுட்டலாம். அவரே கமீல் பிசாரோ என்னும் பிரெஞ்சு ஓவியர். ஒன்று நினைவிலிருத்தல் வேண்டும்: அவர் எழுதிய குதிரை வண்டிகளும் புகைவண்டிகளும் அவர் காலத்திற் பழம்பொருள்கள் அல்ல. அவை அன்றன்று ஓடியவை. அவற்றைப் படத்தில் வைப்பது இழிவென்று கற்றோர் கருதிய காலம் அது.

பிசாரோ பிறந்தது பாரிசு மாநகரில் அன்று. 1830 யூலை 10ஆம் நாள் கரிபியன் கடலிலுள்ள சென் தோமஸ் என்னும் சிறு தீவில், சார்லொட் அமலி என்னும் துறைமுகப் பட்டினத்திற் பிறந்தார். அத்தீவு அந்நாளில் டென்மார்க் அரசின் கீழிருந்தது. 1917இல் அமெரிக்க ஐக்கிய நாடு அதனை விலைக்கு வாங்கிற்று. தந்தையார் போர்த்துக்கேய யூத மரபினர். பிரான்சின் போர்தோ நகரிலிருந்து வந்து அங்கே வாணிகம் செய்தவர். அவர் தம் உறவினர் ஒருவரின் கைம்பெண்ணை மணந்தாராக, ஊரின் யூத சமூகத்தார் அம்மணத்தை ஏற்க மறுத்தனர். அதனால் பிள்ளைகள் கறுப்பினச் சிறுவர் பயிலும் பாடசாலையிலே கல்வி தொடங்கினர். பன்னிரண்டாம் வயதிற் பிசாரோ பாரிசுக்கு அருகிலுள்ள பாசி என்னும் இடத்து விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டார். பதினேழாம் வயதில் தீவுக்கு மீண்டதும் தந்தையார் அவரைக் கணக்குப்பிள்ளை ஆக்கினார். துறையில் இறங்கும் சரக்கை எண்ணிப் பதிவது அவர் தொழில். சுமை தூக்குவோரும் நீர்க்குடம் ஏந்திய பெண்டிரும் கழுதைகளும் பாய்மரங்களும் எதிரே இருக்க, எண்களை மட்டும் எழுதிக்கொண்டிருத்தல் அவரால் இயலவில்லை.

அக்காலத்தில் பிரிட்சு மெல்பி என்னும் டேனிய ஓவியர் அத்தீவுக்கு வந்தார். பிசாரோவிலும் சில ஆண்டுகளே மூத்தவர். ஊரூராகச் சென்று படம் எழுதும் இயல்பினர். இருவரும் நட்புப் பூண்டனர். 1852இல் இளைஞர் கணக்கேட்டை மூடிவைத்துவிட்டு மெல்பியுடன் வெனிசுவேலாவுக்குக் கப்பலேறினார். லா குவைரா என்னும் துறையிலும் கராக்கஸ் நகரிலும் ஏறக்குறைய இரண்டாண்டு இருவரும் ஒன்றாக வாழ்ந்து, சந்தை, சத்திரம், தெருமுடுக்கு, சீட்டாடுவோர் கூட்டம் என அகப்பட்ட அனைத்தையும் கீறிக் குவித்தனர். அவர் கற்ற முதற் கல்லூரி அதுவே எனலாம். தந்தையார் இறுதியில் மனமிரங்கினார். 1855இற் பிசாரோ பாரிசு சென்றார். மீண்டும் தீவுக்குத் திரும்பவில்லை.

பாரிசிலே கொரோ என்னும் முதுபெரும் ஓவியர் அவருக்கு வழிகாட்டினார். சுவிஸ் கூடம் எனப் பெயர் பெற்ற ஓவியக்கூடம் ஒன்றிருந்தது. அங்கே ஆசிரியர் இல்லை, பரீட்சை இல்லை. சிறு கட்டணம் செலுத்தினால் முன்னே நிற்கும் ஆளைப் பார்த்து எழுதலாம். பிசாரோ 1859 அளவில் இளைஞர் மொனேயை அங்குக் கண்டார். 1861இல் செசான் என்பவரையும் கியோமன் என்பவரையும் கண்டார். செசான் தென்னாட்டிலிருந்து வந்தவர். பேச்சும் நடையும் கரடுமுரடானவை. அவர் கீறியவற்றைக் கண்டு உடன் பயின்றோர் நகைத்தனர். பிசாரோ நகைக்கவில்லை.

அரசின் ஆதரவில் நடைபெற்ற பெருங்காட்சியே அந்நாளில் ஓவியரின் தலைவிதியை எழுதியது. புராணக் கதைகளும் போர்க்களங்களும் அங்கே உயர்ந்தவை. காய்கறித் தோட்டமும் சேற்றுப் பாதையும் தாழ்ந்தவை. இயற்கைக் காட்சியை எழுதுவோரும் வெளியிலே குறிப்புக் கீறி வந்து, வீட்டினுள் இருந்தே முடிப்பர். இந்நிலையை மாற்றியவை இரண்டு. ஒன்று 1841இல் வந்த தகரக் குழாய். குழைத்த எண்ணெய் வண்ணத்தை அதிலடைத்துப் பையிற் போட்டுக்கொண்டு எங்கும் செல்லலாம். மற்றொன்று புகைவண்டி, காலையிற் பாரிசில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ஆற்றங்கரையில் இறங்கலாம். புதிய ஓவியத்தின் தாய் புகைவண்டியே என யாரேனும் சொன்னால் அதனை முற்றாக மறுக்க நான் துணியேன்.

1870இற் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டது. பிசாரோ அப்பொழுது பாரிசுக்கு மேற்கே லூவசியேன் என்னும் ஊரில் வாழ்ந்தார். துணைவி யூலி வெலே, அவர் தாயார் வீட்டிற் பணி செய்த உழவர் குலத்துப் பெண். அவ்வுறவைத் தாயார் பொறுக்கவில்லை. பகைவர் படை அணுகவே குடும்பத்துடன் ஓடி, ஆண்டின் இறுதியில் இலண்டன் சேர்ந்தார். அங்கேயே 1871 யூன் மாதத்தில் யூலியை முறைப்படி மணந்தார். மொனேயும் அந்நாளில் இலண்டனிலிருந்தார். இருவரும் அந்நகரின் காட்சிச்சாலைகளிலே தேணர், கொன்ஸ்டபிள் ஆகியோரின் படங்களைக் கண்டனர். பின்னர் தத்தம் வழியே தெருவில் இறங்கினர்.

இலண்டனின் தெற்குப் புறத்திலே லோட்ஷிப் லேன் என்னும் புகையிரத நிலையத்தைப் பிசாரோ 1871இல் எழுதினார். இருப்புப் பாதைக்குக் குறுக்கே அமைந்த நடைபாலத்தின் மேலிருந்து பார்த்த காட்சி அது. பாதையின் இருமருங்கும் புல்மேடு, மேகமூட்டமான வானம், நிலையத்திலிருந்து புறப்பட்ட வண்டி நம்மை நோக்கி வருகின்றது, எஞ்சினின் வெண்புகை வானின் வெண்மையுடன் கலக்கின்றது. வலப்பக்கச் சரிவிலே புல்லரியும் மனிதன் ஒருவனை முதலில் எழுதிப் பின்னர் அவனை வண்ணத்தால் மூடிவிட்டார் என்பது பிற்கால ஆய்விற் புலனாயிற்று. அழகான செயல் அது. ஓர் ஆளை நிறுத்தியிருந்தால் நம் கண் அவனிடமே செல்லும். வண்டி வருவது பின்னணி ஆகிவிடும். தேணர் எழுதிய புகைவண்டி மழையினூடே சீறி வரும் பூதம் போன்றது. பிசாரோவின் வண்டியோ நேரத்துக்கு வரும் தபாற்காரனைப் போன்றது. அந்நிலையம் 1954இல் மூடப்பட்டது. பல்லாண்டு காலம் அப்படம் பெஞ்சு என்னும் வேறொரு நிலையத்தைக் காட்டுவதென்றே அறிஞரும் நம்பியிருந்தனர்.

போர் முடிந்து வீடு திரும்பியவருக்குக் காத்திருந்தது பேரிடி. பகைவர் படையினர் அவருடைய வீட்டைத் தம் தேவைக்குப் பயன்படுத்தியிருந்தனர். தோட்டத்துச் சேற்றிற் கால் படாதிருக்க அவருடைய படங்களையே பரப்பி, அவற்றின் மேல் நடந்திருந்தனர். இருபதாண்டு உழைப்பிலே ஏறக்குறைய 1,500 படங்களில் எஞ்சியவை 40 அளவில் எனச் சொல்லப்படுகின்றது. அவருக்கு வயது 41. அவர் ஒப்பாரி வைத்ததாகச் செய்தி இல்லை. அடுத்த ஆண்டு பொந்துவாஸ் என்னும் ஆற்றங்கரை ஊரிற் குடியேறி மறுபடி தொடங்கினார்.

பொந்துவாஸ் ஆண்டுகளே அவர் ஆசிரியராக விளங்கிய ஆண்டுகள். செசான் அங்கு வந்தார். 1873இல் அயலூராகிய ஓவேரில் தங்கினார். இருவரும் படந்தாங்கியைத் தோளிற் சுமந்து ஒரே மேட்டுக்குச் சென்று, ஒரே பாதையை, ஒரே கூரைகளைப் பக்கத்திற் பக்கத்தில் நின்று எழுதினர். கருநிறத்தை விலக்கி ஒளிமிக்க நிறங்களாலே உருவத்தைக் கட்டும்படி பிசாரோ தூண்டினார். செசான், பிசாரோவின் பழைய படம் ஒன்றை வாங்கி அப்படியே படியெடுத்தும் பயின்றார். எனினும் இருவர் படங்களையும் இணைத்து நோக்கின் ஒருவருடையது மற்றவருடையது போன்று இல்லை. இதுவே வியப்பு. ஆசிரியத் தொழிலில் முப்பதாண்டு கழித்த எனக்கு, மாணாக்கன் தன் கையெழுத்தை இழவாதபடி கற்பிப்பது எத்துணை அருமையென்பது தெரியும். நம்முள் பலர் மேசைமேல் ஒரு பூச்சாடியை வைத்துவிட்டு நாற்பது பிள்ளைகளிடமும் நாற்பது ஒரே பூச்சாடியை எதிர்பார்க்கின்றோம்.

பின்னர் கொகான் வந்தார். பங்குச் சந்தையில் வேலை செய்த அவர் ஓய்வு நாட்களிற் பிசாரோவுடன் வெளியே சென்று எழுதிப் பழகினார். கியோமனும் உடன் செல்வார். ஆற்றைக் கடக்கும் இருப்புப்பாதைப் பாலம், கரையோரத் தொழிற்சாலையின் புகைபோக்கி, வண்டிப்பாதை, முட்டைக்கோசுத் தோட்டம் எவையும் அவர்களுக்கு விலக்கல்ல. செசான் உலகப் புகழின் வாயிலில் நின்ற 1906இல், தம் ஊர்க் காட்சியொன்றின் பட்டியலிலே, தம் பெயருக்குப் பக்கத்திற் பிசாரோவின் மாணாக்கர் எனப் பொறிக்கச் செய்தார். ஆசிரியர் இறந்து அப்பொழுது மூன்றாண்டு.

1874 ஏப்ரல் மாதத்தில் இவ்வோவியர்கள் அரசுக் காட்சியைப் புறக்கணித்து, புகைப்படக்காரர் நாதாரின் பழைய கூடத்தில் தம் முதற் காட்சியை நடத்தினர். முப்பதின்மர் கூடிய அச்சங்கத்துக்கு விதிகள் வேண்டியிருந்தன. பிசாரோ பொந்துவாஸ் ஊர்ப் பாண் சுடுவோர் சங்கத்தின் விதிகளை முன்மாதிரியாகக் கொண்டுவந்து கொடுத்தார்! பத்திரிகைகள் எள்ளி நகையாடின. அவ்வாண்டில் ஒன்பது வயதேனும் நிறையாத அவர் மகள் இறந்தாள். முதற் காட்சியையும் சேர்த்து 1886 வரை எட்டுக் காட்சிகள் நடைபெற்றன. எட்டிலும் பங்குகொண்டவர் பிசாரோ ஒருவரே. மொனே விலகினார், இரெனுவார் விலகினார், அவர் விலகவில்லை. வறுமையோ நீங்கவில்லை. விசிறிகளுக்குப் படம் எழுதி விற்றார். ஐம்பத்தைந்து வயதளவில் இளைஞர் சேராவின் புள்ளிமுறையைக் கற்று, சில ஆண்டுகள் அம்முறையிலே எழுதினார், படங்கள் விலைபோகவில்லை. அம்முறை கண்ட கணத்தைப் பிடிப்பதற்கு உதவாது எனக் கண்டு பின்னர் கைவிட்டார். 1890இல் மகன் யோர்சுடனும் இளம் ஓவியர் லூசுடனும் இலண்டன் சென்று, மூத்த மகன் லூசியனைக் கண்டார். தேம்சு நதியும் அதன் மேலுள்ள பாலங்களும் அப்பயணத்தின் படங்களாயின. 1892இல் துராந்-ருவெல் என்னும் வணிகர் அவர் படங்களைத் திரட்டிக் காட்சி நடத்திய பின்னரே ஓரளவு பொருள் சேர்ந்தது. அவ்வாண்டில் எரான்யி என்னும் ஊரில் தாம் குடியிருந்த வீட்டை, மொனே கொடுத்த கடனைக் கொண்டு வாங்கினார்.

இனிச் சொல்லப்போவதே இவ்வாழ்வின் நடுநாயகம். அறுபது வயதை அணுகும்போது அவருடைய வலக்கண்ணின் நீர்நாளம் பழுதுற்றது. சீழ் கட்டும், அறுப்பர், ஆறும், மறுபடி கட்டும். காற்றும் தூசியும் குளிரும் ஆகாவென மருத்துவர் விலக்கினர். வாழ்நாள் முழுவதும் வெளியிலே நின்று எழுதுவதே ஓவியம் என்று தாமும் நம்பிப் பிறரையும் நம்பச் செய்தவருக்கு வெளியே விலக்கப்பட்டது! பாடகருக்குத் தொண்டை அடைத்தாற்போல என்றால் மிகையாகாது.

வேறொருவராயின் பழைய குறிப்புகளைப் பார்த்து வீட்டினுள் எழுதியிருப்பர். பிசாரோ செய்தது வேறு. அவர் வெளியைச் சாளரத்தின் அருகே கொண்டுவந்தார். எந்நகரிலும் தெருவை நோக்கிய உயர்ந்த மாடியறையைத் தேடி வாடகைக்கு எடுப்பார். கண்ணாடிக்குப் பின் அமர்ந்து கீழே நோக்குவார். 1893இற் கண் சிகிச்சைக்குப் பாரிசு சென்றவர், சென் லசார் புகையிரத நிலையத்துக்கு எதிரேயுள்ள விடுதியில் தங்கி, வண்டியிறங்கிப் பரவும் மக்கள் வெள்ளத்தை எழுதினார். 1896இல் இருமுறை ருவான் துறைமுகத்திற் தங்கி, இரும்புப் பாலத்தையும் நீராவிக் கப்பல்களையும் பாரந்தூக்கிகளையும் மழையிலும் மூடுபனியிலும் மாலை வெயிலிலும் எழுதினார். துறைமுகத்திற் சரக்கெண்ணிய கணக்குப்பிள்ளை ஐம்பதாண்டின் பின் துறைமுகத்துக்கே மீண்டார் போலும்.

1897 பெப்ரவரியில், பாரிசின் துருவோ வீதி மூலையிலுள்ள பெரிய ருசிய விடுதியில் அறை எடுத்தார். அங்கிருந்து மொன்மார்த்தர் பெருவீதி நேரே நீண்டு தெரியும். ஏப்ரல் வரை ஏறத்தாழ இரண்டு மாதம் அறையை விட்டுப் பெரிதும் அகலாமல் அவ்வீதி ஒன்றையே பதினான்கு படங்களாக எழுதினார். பல துணிகளை ஒருங்கே தொடங்கி வைத்திருப்பார். வெயில் வந்தால் வெயிற் படம், முகில் மூடினால் முகிற் படம் என மாற்றி மாற்றி எடுப்பார். நம் இலக்கண நூலோர் நிலமும் பொழுதும் என இரண்டையே முதற்பொருளாக வகுத்தனர். நிலத்தை மாற்றாது பொழுதை மட்டும் மாற்றினால் பாட்டு எவ்வாறு மாறும் என்பதைப் பதினான்கு முறை சோதித்துப் பார்த்தவர் பிசாரோ.

அப்படங்களிலே வண்டிகளைப் பாருங்கள். வாடகைக் குதிரை வண்டிகள் ஓரத்தில் வரிசையாகக் காத்து நிற்கின்றன. செல்வரின் மூடுவண்டிகள் விரைகின்றன. மேற்றட்டிலும் ஆட்களை ஏற்றிய பெரிய ஒம்னிபஸ், சிறு வண்டிகளின் நடுவே கரிய யானை போல அசைகின்றது. எதற்கும் சக்கரக்கால்கள் எண்ணி எழுதப்படவில்லை; குதிரைக்கு நான்கு கால் உண்டோ என்றும் சொல்ல முடியாது. நாலைந்து தூரிகைத் தொடுகைகள், அவ்வளவே. ஆயினும் எது விரைகின்றது, எது காத்து நிற்கின்றது என்பது சிறுபிள்ளைக்கும் விளங்கும். நடைபாதை மக்கள் புள்ளிகளாய் நெருங்குகின்றனர். மார்ச்சு 2ஆம் நாட் திருவிழா ஊர்வலத்தையும் அதே சாளரத்திலிருந்து எழுதினார். ஓர் இரவுப் படமும் உண்டு. அதனைப் பின்னர் கூறுவேன்.

அவ்வாண்டு நவம்பரில் மகன் பெலிக்ஸ் இலண்டனிலே காசநோயால் இறந்தான்; வயது 23; அவனும் ஓவியன். துயரத்தோடே பிசாரோ பாரிசின் லூவர் விடுதியில் அறை எடுத்து, ஒப்பேரா வீதியையும் அதன் தலைப்பிலுள்ள நாடக அரங்கச் சதுக்கத்தையும் எழுதத் தொடங்கினார். சதுக்கத்தின் நடுவே ஒம்னிபஸ்கள் திரும்பும் வட்டம், நீரூற்று, மழையில் மின்னும் கல்தளம். 1898 சனவரி 13ஆம் நாள், யூதப் படைவீரர் டிரைபஸ் குற்றமற்றவர் என வாதிட்டு எமில் சோலா எழுதிய பகிரங்கக் கடிதம் வெளியாயிற்று. பாரிசுத் தெருக்களிலே யூதருக்கு எதிரான கூச்சல் எழுந்தது. அக்கூச்சலிட்ட கூட்டத்தின் நடுவே நடந்து தம் வணிகரின் கடைக்குச் செல்ல வேண்டிய நிலையும் அவருக்கு நேர்ந்தது. அவர் சோலாவின் பக்கம் நின்றார். தெகாவும் இரெனுவாரும் எதிர்ப்பக்கம் நின்றனர். தோழமையுடன் காட்சிகள் நடத்திய தெகா, பழைய நண்பரைக் கண்டும் காணாதவராயினார். இவ்வளவும் நடந்த வாரங்களிலே எழுதிய அப்படங்களில் வெறுப்பின் நிழலைக் காணவில்லை. தெரு முழுவதும் ஒளி. இஃது எப்படி இயன்றது என்று எண்ணி எண்ணி நான் விடை காணாது நிற்கின்றேன்.

பின்னர் துயிலேரிப் பூங்காவை நோக்கிய வீடு, அதன்பின் சேன் நதியில் புதுப்பாலத்தை நோக்கிய வீடு என இடம் மாறினார். தியேப் துறையிலும் எழுதினார். 1900 யூலையிற் பாரிசில் நிலக்கீழ் இரயில் ஓடத் தொடங்கிற்று. 1903 கோடையில் லெ ஆவர் துறைமுகத்தில் அறை எடுத்து, கடலினுள் நீளும் அலைதடுப்பு மேடையையும் கப்பல்களையும் எழுதினார். அந்நகரக் காட்சிச்சாலை இரு படங்களை வாங்கிற்று. இலையுதிர் காலத்திற் பாரிசு திரும்பி, நவம்பர் 13ஆம் நாள், தமது 73ஆம் வயதிற் காலமானார். உடல் பேர் லசேஸ் இடுகாட்டில் அடக்கஞ் செய்யப்பட்டது. பத்தாண்டு கழிவதற்குள், 1913 சனவரியில், பாரிசின் கடைசிக் குதிரை ஒம்னிபஸ் ஓடி ஓய்ந்தது.

அவர் எழுதிய தெருக்களின் கதை அத்துடன் முடியவில்லை. மழையில் நனைந்த சென் ஒனோரே வீதியைக் காட்டும் 1897ஆம் ஆண்டுப் படம் செருமனியில் லில்லி கசீரர் என்னும் யூதப் பெண்மணியிடம் இருந்தது. 1939இல் நாட்டைவிட்டு உயிர்தப்பிச் செல்லும் அனுமதிக்காக அவர் அதனை நாசிகளிடம் கொடுக்க நேர்ந்தது. பின்னர் அது மத்ரித் நகரக் காட்சிச்சாலை ஒன்றை அடைந்தது. அவருடைய பேரன் 2005இல் அமெரிக்காவிலே தொடுத்த வழக்கு, அவர் இறந்த பின்னும் நீண்டு, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

இரவுப் படத்தைக் கூறுவதாகச் சொன்னேன். மொன்மார்த்தர் வரிசையிலே இரவைக் காட்டுவது அஃதொன்றே. வீதியின் நடுவே மின்விளக்குகள் வெண்மணிகளாய்த் தொடர்கின்றன. கடைகளின் வாயுவிளக்குகள் செம்மஞ்சளாய்க் கசிகின்றன. நனைந்த தெரு அனைத்தையும் தலைகீழாகக் காட்டுகின்றது. பிசாரோ அதில் ஒப்பமிடவில்லை; உயிரோடிருந்த காலத்தில் எக்காட்சிக்கும் அனுப்பவில்லை. 1925இல் இலண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்கு வாங்கப்பட்டு இன்றும் அங்கே இருக்கின்றது. அதன் ஓரத்தில், விளக்குச் சிறுபுள்ளிகளோடு வாடகை வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஆட்டம் பார்த்து வெளிவருவோரை எதிர்நோக்கி.